விடுப்புக்குக் காரணம்

அவருக்கு முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயர் கண்ணாடி. அவர் மூக்குக் கண்ணாடி போடுகிறவர் அல்ல. "எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கணும்பா, ஒளிவு மறைவு கூடாது" என்று வாய்க்கு வாய் சொல்லியே சம்பாதித்த பெயர் அது. பார்சல் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவுக்கு அவர் தலைவர். வராத பார்சல், நசுங்கிய பார்சல், பக்கத்து வீட்டுக்காரர் வாங்கி வைத்துக்கொண்டு இல்லையென்று சாதிக்கும் பார்சல் என்று நாள் முழுக்க ஊரார் திட்டுவதைக் காதில் மாட்டிய ஹெட்செட் வழியாக வாங்கிக்கொள்கிற பிரிவு. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அவ்வப்போது லீவு தேவைப்பட்டதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அந்த லீவுக்குத்தான் கண்ணாடி ஒரு சட்டம் போட்டிருந்தார். அவரிடம் தனியாகக் கேட்கக் கூடாது. பிரிவின் கைப்பேசிக் குரூப்பில், எல்லோரும் பார்க்கும்படி, காரணத்தோடு கேட்க வேண்டும். இந்தச் சட்டம் வரக் காரணமானவன் பிரிவிலேயே அதிகம் பேசுகிற ஆள். ரேடியோ என்று கூப்பிடுவார்கள். அவனுடைய பெரியப்பா ஒரே வருடத்தில் இரண்டு தடவை செத்துப்போனார். முதல் தடவை அனுதாபம் சொன்ன கண்ணாடி, இரண்டாவது தடவை சட்டம் போட்டார்.

அதிலிருந்து குரூப் ஒரு வேடிக்கைக் கூடமாக ஆகிவிட்டது. காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டரின் படம் வரும். டயர் பஞ்சர் என்றால் ஆணியின் படம் வரும். ஒவ்வொன்றுக்கும் கண்ணாடி ஒரு நக்கல் அடிப்பார். மொத்தப் பிரிவும் சிரிப்பு முகங்களை வரிசையாகப் போடும். தான் நகைச்சுவையான ஆள், பிரிவு ஒரு குடும்பம் போல இருக்கிறது என்று அவர் மனதார நம்பினார். மேலிடத்துக் கூட்டங்களில் இதை ஒரு புதுமை என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கியிருந்தார்.

முகவரி மாறிப்போன பார்சல்களைத் தேடிக் கொடுக்கிற பெண் ஒருத்தி அங்கே இருந்தாள். அதிர்ந்து பேசாதவள். ஒருநாள் காலையில் அவள் குரூப்பில், "சார், வயித்து வலி. ஒரு வாரம் லீவு வேணும்" என்று எழுதினாள். முந்தின நாள்தான் யாரோ வேலையை விட்டுப் போனதற்குக் கேக் வெட்டியிருந்தார்கள். கண்ணாடிக்குக் கை பரபரத்தது. "நேத்து ரெண்டாவது துண்டு எடுக்கும்போதே நெனச்சேன்! ஒரு கேக்குக்கு ஒரு வாரமா? வயித்தப் போட்டோ எடுக்க வேணாம், மாத்திரை அட்டை போதும்" என்று பதில் போட்டார். சிரிப்பு முகங்கள் வந்து குவிந்தன. மாத்திரை அட்டையின் படமும் வந்தது. அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, வாய் கொப்பளித்து, வேலைக்குக் கிளம்பினார்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம், வரவேற்பு அறைக்கு அவரைக் கூப்பிட்டார்கள். சவரம் செய்யாத ஒரு ஆள் எழுந்து நின்றான். அந்தப் பெண்ணின் கணவன். மருத்துவக் காப்பீட்டு அட்டை அவளுடைய மேஜை இழுப்பறையில் இருக்கிறதாம், ஆஸ்பத்திரியில் கேட்கிறார்களாம்.

"ஆஸ்பத்திரியா?" என்றார் கண்ணாடி.

"இன்னைக்குச் சாயந்திரம் விட்டுடுவாங்க சார். ரத்தப்போக்கு நின்னுடுச்சு." அவன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "நாலாவது மாசம் சார். ரொம்ப நாள் காத்திருந்து வந்தது. தங்கலை."

கண்ணாடி ஏதோ சொல்லப் போனார். அதற்குள் அவன் இவருடைய கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.

"உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்னு நெனச்சேன். அவ, சார்கிட்ட போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிட்டேன், வேலையப் பத்தி யோசிக்காதே, உடம்பு தேறி வந்தாப் போதும்னு சொன்னாருன்னு சொன்னா. அதக் கேட்டப்பறம்தான் எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்துச்சு. இந்தக் காலத்துல யாரு சார் அப்படிச் சொல்றாங்க?"

அந்த இடத்தில் கண்ணாடி உண்மையைச் சொல்லியிருக்கலாம். "இல்லப்பா, நான் அப்படிச் சொல்லலை" என்று சொல்ல ஐந்து விநாடி போதும். ஒளிவு மறைவு கூடாது என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த அந்த வாய் என்ன சொன்னது தெரியுமா?

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. உடம்புதானே முக்கியம்."

அட்டையை எடுத்துக்கொடுத்து அவனை வாசல் வரை கொண்டுவிட்டு, யாரும் ஏறாத பின்பக்கப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தார். குரூப்பைத் திறந்தார். தான் எழுதியதைப் படித்தார். காது மடல் சுட்டது. யாரெல்லாம் சிரித்திருக்கிறார்கள் என்று தொட்டுப் பார்த்தார். முதல் சிரிப்பு முகம் அவளுடையது. வேறு யாரும் சிரிப்பதற்கு முன்னால், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, மேலதிகாரி ஜோக் அடித்துவிட்டாரே என்று அவள் சிரித்திருக்கிறாள். அப்புறம் மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்கிப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். நர்ஸிடம் என்ன சொல்லிக் கேட்டிருப்பாள் என்று நினைத்ததும் அவருக்கு எங்கேயாவது ஓடிப்போய்விடலாம் போல இருந்தது. செய்தியை அழிக்கப் பார்த்தார். நேரம் கடந்துவிட்டது, உன் கண்ணுக்கு மட்டும் மறைத்துத் தருகிறேன் என்றது கைப்பேசி.

மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால், "இவ்வளவு நாளா ஆபிஸ்ல இப்படித்தான் நடந்துக்கிறீங்களா?" என்று கேட்பாள். சாப்பாடு இறங்கவில்லை. அந்த வாரம் முழுக்கக் குரூப்பில் அவர் ஒன்றும் எழுதாததால், சாருக்கு உடம்பு சரியில்லை போல என்று பிரிவில் பேசிக்கொண்டார்கள்.

அவள் திரும்பி வந்த அன்று, தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தனியாக அகப்பட்டாள். முகம் சின்னதாகப் போயிருந்தது. அவர் வாய் திறப்பதற்குள் அவளே தாழ்ந்த குரலில் ஆரம்பித்தாள்.

"சார், அவர்கிட்ட நீங்க காட்டிக்குடுக்காம இருந்தீங்களே, ரொம்ப நன்றி சார். குரூப்ல எழுதினதப் பாத்தா இங்க வந்து சண்டை போட்டிருப்பார். அதான் அப்படிச் சொல்லிவச்சேன்."

"நன்றியெல்லாம் சொல்லாதம்மா. நான் அப்படி எழுதியிருக்கவே கூடாது. என்னை..."

"அய்யோ, விடுங்க சார். நீங்க எல்லாரையும்தானே கிண்டல் பண்றீங்க." அவள் இதைக் குத்திக் காட்டச் சொல்லவில்லை. ஆறுதலாகச் சொன்னாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "ஒண்ணே ஒண்ணு சார். இங்க யாருக்கும் தெரிய வேணாம். தெரிஞ்சா ஆளாளுக்குப் பாவமாப் பாப்பாங்க. என்னால முடியாது சார்."

"என் மூலமா தெரியாது" என்றார். அது ஒன்றையாவது காப்பாற்ற வேண்டும் என்று அவருக்கு வெறியே வந்தது.

மறுநாள் காலைக் கூட்டத்தில், எல்லோரும் நாற்காலிகளைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்ததும், அவர் எழுந்து நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"இனிமே லீவுக்குக் காரணம் சொல்ல வேண்டாம். குரூப்லயும் கேக்க வேண்டாம். எனக்குத் தனியா ஒரு வரி, எந்த நாள்னு மட்டும் அனுப்புங்க. படம் எதுவும் வேணாம். அப்பறம், இவ்வளவு நாளா நான் உங்க கஷ்டத்தை வச்சு ஜோக் அடிச்சிட்டிருந்தேன். அது தப்பு. எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

இது ஏதோ புது மாதிரிப் பொறி என்று நினைத்தவர்கள் போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரேடியோதான் முதலில் வாயைத் திறந்தான்.

"என்ன சார் திடீர்னு? யாராவது கம்ப்ளெய்ண்ட் பண்ணிட்டாங்களா?"

"அதெல்லாம் இல்ல. எனக்கே வெட்கமா இருந்துச்சு."

"சும்மா சொல்லாதீங்க சார்." ரேடியோ சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். "காரணம் இல்லாம நாங்க லீவே எடுத்ததில்ல. நீங்க சட்டத்தையே எடுக்கறீங்க. காரணம் சொல்லுங்க சார்!"

"காரணம்! காரணம்!" என்று இரண்டு மூன்று பேர் மேஜையைத் தட்டினார்கள். அப்போதுதான் கடைசி வரிசையில் ஒருத்தி, போன வாரம் குரூப்பில் யார் லீவு கேட்டது என்று நினைத்துப் பார்ப்பது அவருக்குத் தெரிந்தது. அவளுடைய தலை மெதுவாக, முகவரி மாறிய பார்சல்களின் மேஜைப் பக்கம் திரும்பியது. பக்கத்தில் இருந்தவனும் திரும்பினான். அந்தப் பெண் தன் ஹெட்செட் வயரைப் பார்த்துக்கொண்டு, உதட்டில் ஒரு சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மன்னிப்புக் கேட்கப் போய் அவளைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்குப் புரிந்தது. இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு காரணத்தை உடனே உண்டாக்க வேண்டும். நம்புகிற மாதிரி இருக்க வேண்டும். உண்மையைத் தொட்டுவிடக் கூடாது. இந்த அவஸ்தையை இந்த அறையில் இருக்கிற ஒவ்வொருவரும் தன்னால் பட்டிருக்கிறார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"சரி, சொல்லிடறேன்" என்றார். "மேலிடத்துல கூப்பிட்டுத் திட்டினாங்க. நம்ம குரூப்பப் பத்தி அவங்க காதுக்குப் போயிடுச்சு. ரெண்டு மாசம் முன்னாடி நான் ஆணி போட்டோவுக்கு எழுதினதைத்தான் படிச்சுக் காட்டினாங்க. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டாங்க."

அவ்வளவுதான். திரும்பின தலைகள் அவர் பக்கம் வந்துவிட்டன. "அப்படிச் சொல்லுங்க!" என்றான் ரேடியோ. "அதானே பாத்தேன்" என்றது இன்னொரு குரல். திட்டு வாங்கின ஆளைப் பார்க்கிற குஷியில் அறை முழுக்க ஒரு இறுக்கம் விட்டுப்போனது. ஒருவன் அவருக்குத் தண்ணீர்கூடக் கொண்டுவந்து கொடுத்தான்.

அவர் தண்ணீரைக் குடித்தார். அவர் சொன்ன பொய்யை எல்லோரும் உடனே நம்பினார்கள். அவருக்கே வெட்கமாக இருக்கும் என்பதைத்தான் அந்த அறையில் ஒருவராலும் நம்ப முடியவில்லை.