நாற்பத்தெட்டாவது சாப்பாடு

முதியோர் இல்லத்தின் மதியச் சாப்பாட்டு எண்ணிக்கையைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்துச் சொல்லும் நிரலை அவள்தான் எழுதியிருந்தாள். இன்று முதல்முறையாக ஓட்டியபோது அது ஆறு என்றது.

சமையல்காரர் போனில் சிரித்தார். "என்னம்மா, ஆறு மாடிக்கும் ஆறே சாப்பாடா? மத்தவங்கல்லாம் கோவிச்சுக்கிட்டாங்களா?"

நிரல் மாடிகளை எண்ணியதோடு சரி, உள்ளே மாடிக்கு எட்டாக இருந்த அறைகளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆளில்லாத அலுவலகத்தில் உட்கார்ந்து திருத்தினாள். நாற்பத்தெட்டு வந்தது.

"நாப்பத்தேழுதாம்மா," என்று அவர் குரலைத் தாழ்த்தினார். "மூணாம் மாடி கடைசி ரூம் காலியாச்சே."

அது அவள் அப்பாவின் அறை. போன வாரம் அவர் பெயரை அழித்தவளும் அவள்தான். பெயர் போனாலும் இடம் இருந்ததால் நிரல் அதையும் எண்ணிவிட்டது. காலி இடத்தைக் கழிக்க ஒரு வரி போதும். அந்த வரியை அவள் எழுதவில்லை.

"இன்னைக்கு மட்டும் இருக்கட்டும்ண்ணே," என்றாள். "நான் வந்து சாப்பிட்டுக்கறேன்."