மூலையில் உட்கார்ந்திருப்பவர்

ஒரு நாள் பதிவு போடவில்லை என்றால் எங்கள் தோட்ட வேலைப் பக்கத்தை ஊர் மறந்துவிடுகிறது. காசு கட்டி விளம்பரம் செய்ய எங்களுக்கு வசதி இல்லை. அதனால் படம் போட்டு, வீடியோ போட்டு, வருகிற கமெண்டுக்கெல்லாம் கைகூப்பும் பொம்மை போட்டு, இலவசமாகவே கூட்டம் சேர்க்க வேண்டும். இலவசம் என்றுதான் பெயர். அடுப்பில் பால் பொங்கி வழியும், நான் "இது என்ன புல்?" என்று கேட்டவருக்குப் பதில் தட்டிக்கொண்டு நிற்பேன். கேட்டவர் ஐந்தாவது மாடியில் குடியிருப்பார். நட்டுவைக்க ஒரு பிடி மண் இருக்காது. இருந்தாலும் பதில் சொல்லாமல் விட்டால் "திமிர்" என்று எழுதுவார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

மூன்று பேர் கம்பெனி எங்களுடையது. இவர் தரை கொத்துவார், செடி நடுவார், நடைபாதைக்குக் கல் பதிப்பார். கூட அவருடைய தம்பி, என் கொழுந்தன். கைவேகத்தால் அவனுக்குச் சூறாவளி என்று பெயர். இரண்டு பேருக்கும் பச்சை டி-சர்ட், பச்சைத் தொப்பி. பார்க்கிறவர்களுக்குக் கம்பெனி மாதிரித் தெரிய வேண்டுமே, அதற்கு. நான் வீடியோ.

காலையில் அவர்களோடு போய், பழைய போனை மதில்மேல் ஒரு செங்கல்லில் சாய்த்து வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். மாலை வரை அது பார்த்துக்கொண்டே கிடக்கும். பிறகு எடுத்துவந்து வேகமாக ஓடவிட்டால் ஒரு நாள் வேலை ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். கட்டாந்தரை மளமளவென்று பச்சையாகும். அண்ணனும் தம்பியும் பம்பரமாகச் சுற்றுவார்கள். "என்ன சுறுசுறுப்பு!" என்று முகம் தெரியாதவர்கள் மெச்சுவார்கள். வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றக் குனிவதற்கே யோசிக்கிற மனிதரை வீடியோவில் பார்த்துவிட்டு, "அட, நன்றாகத்தானே இருக்கிறார்" என்று நானும் நம்பிக்கொள்வேன்.

போன வாரம் ஒரு வீட்டில் வேலை. நான் வழக்கமாகப் போனை வைக்கிற மதில் பக்கம் தண்ணீர்க் குழாய் உடைந்து தெறித்துக்கொண்டிருந்தது. அதனால் எதிர்ப்பக்கத்து ஜன்னல் திட்டில் வைத்தேன். மாலையில் வந்த அலுப்பில் முன்னும் பின்னும் வெட்டி, ஒரு இசையை ஒட்டி, முழுசாகப் பார்க்காமலே ஏற்றிவிட்டுப் படுத்தேன்.

காலையில் எழுந்தால் போன் நிற்காமல் துள்ளுகிறது. எங்கள் பக்கம் இதுவரை காணாத கூட்டம். பழம் நழுவிப் பாலில் விழுந்ததுபோல் ஒரு செய்தியும் வந்திருந்தது. ஒரு மருத்துவமனையின் மேலாளர் அம்மா அனுப்பியது. புதுக் கட்டடத்துக்கு முன்னால் பெரிய தோட்டம் போட வேண்டுமாம், மதியம் போனில் பேசுகிறாராம். வீட்டு வாசல் துண்டு நிலங்களையே சுரண்டிக்கொண்டிருக்கிற எங்களுக்கு இப்படி ஒரு வேலை வந்ததே இல்லை. இது கிடைத்தால் வேலையில்லாத மழைக்காலத்தைக் கவலையில்லாமல் கடந்துவிடலாம்.

அன்று மழை. இவர் வீட்டில் இருந்தார். கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டு, போனைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்து வீடியோவைப் பார்த்தார். கமெண்டுகளை நான் வாசித்தேன்.

"ரெண்டு பேரு ஓடி ஓடி வேலை செய்யறாங்க, மூலையில தாத்தா சுகமா உக்காந்திருக்காரு!"

"அந்தப் பெரியவருக்கு உக்கார்றதுக்குத் தனிச் சம்பளமா?"

"எங்க ஆபீஸ் மேனேஜர் மாதிரியே இருக்காரு."

இவர் விழுந்து விழுந்து சிரித்தார். "யாரு அந்த ஆளு? நாம யாரையும் வச்சுக்கலையே. வீட்டுக்காரரோட அப்பாவா இருக்குமோ?"

நானும் சிரித்துக்கொண்டே வீடியோவை நிறுத்தி, அந்த மூலையை விரலால் பெரிதாக்கினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், கவிழ்த்த வாளிமேல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பனியன், தலையில் ஈரத் துண்டு. வலது கையை மடியில் கிடத்தி, இடது கையால் தோளைப் பிடித்திருந்தார். மறுபடி ஓடவிட்டேன். மேகங்கள் பறந்தன, நிழல் தொட்டியைத் தாண்டிப் போனது, கொழுந்தன் ஒரு பக்கம் முழுக்கப் புல் விரித்து முடித்தான். அவர் அசையவே இல்லை. தலைக்கு மேலே கம்பியில் பச்சை டி-சர்ட்டும் தொப்பியும் தொங்கின.

ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள். கூடவே குடித்தனம் நடத்துகிற எனக்கு அந்த உடம்பை அடையாளம் தெரியவில்லை. அவருக்கே தெரியவில்லை.

இவர் சிரிப்பை நிறுத்தியிருந்தார். போனை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

"எவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன்?"

"கொஞ்ச நேரம்தாங்க. வேகமா ஓடவிட்டதுல அப்படித் தெரியுது."

"வேகமா ஓடவிட்டா கம்மியாத்தானே தெரியணும்?"

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"எல்லா வீட்டுலயும் இப்படித்தானா?" என்று கேட்டேன்.

"நீ போனை எங்க வைப்பன்னு எனக்குத் தெரியும். அதுக்கு எட்டாத இடமாப் பாத்து உக்காருவேன். அன்னிக்கு நீ இடம் மாத்தினதக் கவனிக்கல. உனக்குத் தெரிஞ்சா வேலைய விடச் சொல்லுவ."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. மறைத்த இவர்மேல், தாத்தா என்று எழுதியவன்மேல், அந்தப் பாழாய்ப்போன போன்மேல். எல்லாவற்றையும்விட, இவரை நிமிடக் கணக்கில் வெட்டி வெட்டி ஒட்டிய என் கைமேல்.

மதியம் மேலாளர் அம்மா சொன்னபடி அழைத்தார். இவரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"உங்க வீடியோ பாத்தோம்மா. எங்களுக்கு அந்த வேகம்தான் வேணும். திறப்பு விழா நெருங்கிடுச்சு. ஆனா ஒண்ணு, தப்பா எடுத்துக்காதீங்க. மூலையில ஒரு பெரியவர் உக்காந்திருக்காரே, அவரை மட்டும் அனுப்பாதீங்க. நாலு பேரு வந்து போற இடம். பாக்க நல்லா இருக்காது."

இவர் எனக்குக் கை காட்டினார். சத்தமில்லாமல் உதடு மட்டும் அசைந்தது: சரின்னு சொல்லு.

சொல்லியிருக்கலாம். டி-சர்ட்டையும் தொப்பியையும் கழற்றாமல் இருந்தால் போதும், ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. தோள் விட்டுப்போகிற வரை அவரும் கழற்ற மாட்டார். நான் போனை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"அம்மா, அந்த வீடியோல ரெண்டே பேருதாங்க. மூணாவது ஆளு கிடையாது. ஓடி ஓடிக் கல்லு பதிக்கறவரும் அவருதான், உக்காந்திருக்கறவரும் அவருதான். என் வீட்டுக்காரர். இனிமே நடுநடுவுல உக்காந்துதான் வேலை செய்வாரு. நீங்க நினைக்கறதைவிட ரெண்டு மடங்கு நாள் ஆகும். பரவாயில்லன்னா சொல்லுங்க, வர்றோம்."

"யோசிச்சுச் சொல்றோம்மா" என்று வைத்துவிட்டார். அப்படிச் சொன்னவர்கள் யாரும் எங்களைத் திரும்ப அழைத்ததில்லை.

"கைக்கு எட்டினதை வாய்க்கு எட்டாமப் பண்ணிட்டியே" என்றார் இவர். "நான் சமாளிச்சிருப்பேன்."

"இன்னும் எத்தனை வாளியக் கவுத்துப் போட்டு?"

அவர் எழுந்து போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மழை விட்டதும் அதே வீட்டில் மிச்ச வேலைக்குப் போனோம். பழைய போனை நான் எடுத்துவரவில்லை. என் போன் மட்டும் பைக்குள் கிடந்து துள்ளியது. தாத்தாவுக்கு இன்னும் லைக் விழுந்துகொண்டிருந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டேன். வீட்டுக்கும் திரும்பவில்லை. தொட்டிக்குப் பின்னால் கிடந்த வாளியை எடுத்துவந்து, இவர் கொத்திக்கொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே கவிழ்த்து வைத்தேன். கொழுந்தன் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

இவர் அதைப் பார்க்காதவர்போல் வெகுநேரம் கொத்திக்கொண்டிருந்தார். நானும் நகரவில்லை. கடைசியில் மண்வெட்டியைக் கீழே போட்டார். தொப்பியைக் கழற்றாமல், டி-சர்ட்டைக் கழற்றாமல், என் கண்ணெதிரே வந்து உட்கார்ந்தார்.