பூமாரி என்னும் மாதிரிச் சொல்

ஜெஸ்லின் இரண்டு வருஷமாக ஓர் எழுத்துரு வரைந்துகொண்டிருந்தாள். காம்பஸால் போட்ட வட்டம், ஸ்கேலால் இழுத்த கோடு, இரண்டே சங்கதிதான். நுனியில் கொண்டை இல்லை, வால் இல்லை. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கனம். கிழக்கேகோட்டையின் மலையாளப் பலகைகளுக்கு நடுவே, ஓடுகிற பஸ்ஸிலிருந்தும் படிக்கக்கூடிய தமிழெழுத்து. அதுதான் அவளுக்கு வெறி.

கனத்த எழுத்தில் சுழி அடைத்துக்கொள்ளும். 'பூ' அவள் உயிரை வாங்கியது. அதனால் விடுதி அறையில் கூட இருந்த பூமாரியின் பெயரையே மாதிரிச் சொல்லாக வைத்துக்கொண்டாள். கோடு, வளைவு, சுழி எல்லாம் அதில் உண்டே. திருத்தத் திருத்தச் சுவரில் ஒட்டினாள்.

"எக்கா, எம் பேரு யானைக்குட்டி மாதிரில்லா நிக்கி!" என்று சிரிப்பாள் பூமாரி. வேறு யார் அவள் பெயரை அத்தனை பெரிதாக எழுதினார்கள்?

இருவருக்கும் வேலை சாலைக் கடைத்தெருவில், தாணுலிங்கம் முதலாளியின் ஜவுளிக்கடையில். பூமாரி சேலைப் பகுதி, ஜெஸ்லின் விளம்பரப் பகுதி. ஓணத்துக்குப் பலகை, பை எல்லாவற்றுக்கும் ஜெஸ்லினின் எழுத்தைப் போடலாமா என்று முதலாளி யோசித்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் ஒரு பட்டுச்சேலை காணாமல் போயிற்று. கடைசியாகக் கையில் எடுத்தவள் பூமாரி என்றார்கள். சோதித்தார்கள், கிடைக்கவில்லை. ஆனாலும் வேலையை விட்டு அனுப்பினார்கள்.

முதலாளி ஜெஸ்லினைக் கூப்பிட்டார். "மோளே, உன் எழுத்தெப் பரீட்சை பண்ணிரலாம், கேட்டோ. வாசல்ல ஒரு ஃப்ளெக்ஸ். 'திருடி பூமாரி'. பஸ் ஸ்டாப்புல நின்னாத் தெரியணும். தெரிஞ்சா, ஓணத்துக்கு உன் எழுத்துதான்."

விடுதியில் பூமாரி அவள் காலைப் பிடித்தாள். "வேற யாராச்சும் எழுதட்டும்க்கா. நீங்க மட்டும் வேண்டாம்."

"நான் எழுதாட்டாலும் எழுதத்தான போறாவ" என்றாள் ஜெஸ்லின்.

அவளுக்கு மனசு கொஞ்சம் கூசத்தான் செய்தது மக்களே, இல்லையென்று சொல்ல மாட்டேன். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்ததும் அதுவும் போய்விட்டது. 'பூமாரி' ஏற்கெனவே தயார். 'திருடி'யில்தான் எழுத்துகளுக்கு நடுவே இடம் கூடியிருந்தது. நெருக்கிவைத்தாள். அழகாக வந்தது.

ஃப்ளெக்ஸ் ஏறியதும் பஸ் ஸ்டாப்பில் போய் நின்று பார்த்தாள். சுழி அடைக்கவே இல்லை. ஊருக்குப் போகப் பையோடு அங்கே நின்ற பூமாரிக்கும் தெளிவாகத் தெரிந்தது. அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு பஸ் ஏறினாள்.

பத்து நாள் கழித்துச் சேலை அகப்பட்டது. மாடியில் கல்யாணப் பொம்மைக்கு அதைக் கொண்டுபோய் உடுத்தியதே முதலாளிதான். உறை போட்டு மூடியதும் மறந்துபோனார்.

"முதலாளி, பூமாரி எடுக்கலன்னு ஒண்ணு வைக்கணுமே" என்றாள் ஜெஸ்லின்.

"வைக்கலாம். சின்னதா, மெலிசா. உன் எழுத்துல மெலிசு உண்டா?"

"இல்ல. கனம் மட்டுந்தான் வரைஞ்சிருக்கேன்."

"அப்போ வேண்டாம், விடு." ஓணப் பலகையின் அளவு எழுதிய தாளை அவள் முன் நகர்த்தினார். "இதெ முடி."

அவள் வாங்கிக்கொண்டாள். பலகைக்கு எழுத்தைச் சரிபார்க்க மறுநாள் அவள் தட்டிய சொல்லும் பூமாரிதான். அத்தனை வளைவும் வேறு பெயரில் இல்லை.