மேகம் போடாத மாற்றம்

தகரக் கொட்டகையில் மின்விசிறியைப் போட்டால் வரைபடம் பறக்கும். நிறுத்தினால் வியர்வை சொட்டி மை கரையும். அதனால் இளம் இன்ஜினியர் விசிறியைப் போட்டுவிட்டு, வரைபடத்தின் நான்கு மூலையிலும் செங்கல் துண்டுகளை வைத்திருந்தான். பேனா கையில் இருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"என்ன தம்பி, பொண்ணு பாக்க வந்த மாதிரி வச்ச கண்ணு வாங்காம பாத்துட்டிருக்கே?" என்றபடி உள்ளே வந்தார் முதலாளி. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். மனைவியைப் பறிகொடுத்தவனிடம் பேசுகிற பேச்சா அது? அவன் வரைபடத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவன் எதற்கும் ஒன்றும் சொல்வதில்லை, இப்போதெல்லாம்.

முதலாளி அரசுப் பள்ளிக்குப் புதுக் கட்டடம் கட்டும் ஒப்பந்தக்காரர். வேலை முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை திறப்பு விழா. கட்டியதைக் கட்டியபடியே காட்டும் வரைபடம் ஒன்றில் இன்ஜினியர் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டால் போதும், பள்ளிக்கூடம் கைமாறும்.

ஆனால் வரைபடம் பொய் சொன்னது. மின்சாரக் கேபிள் மதிலோரமாகப் போவதாக அதில் இருந்தது. மதிலோரம் தோண்டியபோது பாறை குறுக்கிட்டது. மேஸ்திரி கேபிளை வளைத்து, விளையாட்டு மைதானத்தின் நடுவே இழுத்துப் புதைத்துவிட்டார். அங்கேயும் பாறை இருந்ததால் போதிய ஆழம் கிடைக்கவில்லை.

"படத்துல மாத்தணுமே" என்றான் அவன், பாதிக் குரலில்.

"மாத்தலாம். ஏன் மாத்தினோம்னு ஒரு தாள், முன்ன எப்படி, இப்ப எப்படின்னு ரெண்டு படம், செலவு கூடுதா குறையுதான்னு ஒரு கணக்கு, நாள் தள்ளுமான்னு ஒரு விளக்கம். இதெல்லாம் வேலைக்கு முன்னாடியே கொடுத்து அனுமதி வாங்கியிருக்கணும். இப்பக் கொடுத்தா, ஆபீஸ்ல மேஜை மேஜையா ஊர்வலம் போயிட்டு வர்றதுக்குள்ள எனக்குத் தலை நரைச்சிடும்."

"உங்களுக்குத்தான் ஏற்கெனவே நரைச்சிருச்சே" என்றார் வாசலில் நின்ற மேஸ்திரி.

"இருக்கிறதும் கொட்டிடும்யா, போதுமா? தம்பி, நீ பழைய படத்துலயே போடு. அப்புறமா எழுதிக்கலாம்."

அப்புறமா எழுதிக்கலாம். இந்த வார்த்தையை ஒரு காலத்தில் அவனே சொல்லியிருக்கிறான்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு ஜன்னலைச் சற்றுத் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டு, வரைபடப் பிரிவுக்குப் போனான். அங்கே அவள் குனிந்து கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"மேடம், அந்த ஜன்னலைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளிட்டோம். படத்துல மாத்திடுங்க."

"யார் தள்ளச் சொன்னா?"

"நான்தான்."

"எழுதிக் கொடுங்க."

"அப்புறமா எழுதிக்கலாம் மேடம். அதான் வாயால சொல்றேனே."

அவள் தலையை நிமிர்த்தினாள். "உங்க வாயை நான் ஃபைல்ல வைக்க முடியாதே சார்."

அறையே சிரித்தது. அவனுக்குக் காது சிவந்துவிட்டது. எழுதிக் கொடுத்தான். அவள் வரைபடத்தில் ஜன்னலை நகர்த்தினாள். பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்து, மாறிய இடத்தைச் சுற்றி நெளிநெளியாக ஒரு வளையம் போட்டாள். அந்தத் தொழிலில் அதற்கு மேகம் என்று பெயர். பின்னால் எவர் வந்து பார்த்தாலும், இங்கே ஏதோ மாறியிருக்கிறது என்று அந்த மேகம் சொல்லும். மற்றவர்கள் கடனே என்று கிறுக்கிவிடுவார்கள். அவள் போடும் மேகம் சின்னப் பிள்ளை வரைந்ததுபோல் குண்டு குண்டாக இருக்கும். கட்டட வேலை நடக்கும் தளத்தில் எல்லோரும் அவளை 'மேகம் மேடம்' என்றார்கள். எந்த மாற்றமும் இல்லாத நாளிலும் மாற்றத்தை எழுதித் தரும் படிவம் வேண்டும் என்று அவன் அந்த அறைக்குப் போக ஆரம்பித்தான். தேவைக்கு மேல் படிவங்கள் சேர்ந்தபோது, இருவருக்கும் கல்யாணம் ஆனது.

வீட்டிலும் அவள் விடவில்லை. ஒரு நாள் அவன் கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டான். அவள் கரண்டியோடு வந்து நின்றாள்.

"மாத்தினதுக்கு அனுமதி வாங்கினீங்களா?"

"இல்லை மேடம்."

"காரணம்?"

"காத்து வரும்."

"செலவு?"

"இடுப்பு வலி."

"தாமதம்?"

"சோறு வேகறதுக்குள்ள முடிச்சிட்டேன்."

"சரி, இந்த ஒரு தடவை விடறேன்." கரண்டியாலேயே காற்றில் கட்டிலைச் சுற்றி ஒரு மேகம் போட்டுவிட்டுப் போனாள்.

போன வருடம் காய்ச்சல் என்று மருத்துவமனைக்கு இரண்டு பேராகப் போனார்கள். அவன் மட்டும் திரும்பி வந்தான். கட்டில் இன்னும் ஜன்னல் பக்கம்தான் கிடக்கிறது.

அதற்குப் பிறகு யார் எது சொன்னாலும் 'சரி' என்பது அவனுக்குப் பழகிவிட்டது. சாப்பிடு என்றால் சாப்பிட்டான். போ என்றால் போனான். எதிர்த்துப் பேச வேண்டுமானால் ஏதாவது ஒன்று முக்கியமாகத் தோன்ற வேண்டும். எதுவும் தோன்றவில்லை. இப்போதும் 'சரி' என்றான். கையெழுத்துப் போட்டான். முதலாளி ஒரு நகலைத் தலைமையாசிரியைக்கு அனுப்பிவைத்தார்.

மறுநாள் காலை கேபிளில் சோதனைக்காக மின்சாரம் விட்டிருந்தார்கள். அவன் வராந்தாவில் விளக்குகளைப் பார்த்துக்கொண்டு வந்தான். எதிரே தலைமையாசிரியை, கையில் அந்த நகலோடு வந்தார்.

"உங்களுக்குத்தான் தம்பி நன்றி சொல்லணும். பிள்ளைங்களுக்கு ஊஞ்சல் போடணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. எங்க தோண்டுறதுன்னுதான் பயம். உங்க படத்தைப் பாத்தேன், கேபிள் மதிலோரமாப் போகுது. சரி, மைதானத்து நடுவுல குழி போடுங்கன்னு தோட்டக்காரர்கிட்ட சொல்லிட்டேன்."

அப்போதுதான் அவன் காதில் விழுந்தது. மண்ணில் கடப்பாரை இறங்கும் சத்தம்.

அவன் ஓடினான். செருப்பு ஒன்று எங்கோ கழன்றது. "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்தினான். தோட்டக்காரர் ஓங்கிய கடப்பாரையோடு அப்படியே நின்றார்.

"என்னங்க, பாம்பா?"

அவன் கடப்பாரையைப் பிடுங்கித் தூர எறிந்தான். மூச்சு வாங்கியது. மேஸ்திரியைக் கூப்பிட்டு மின்சாரத்தை நிறுத்தச் சொன்னான். பிறகு குழிக்குள் இறங்கிக் கையால் மண்ணைத் தள்ளினான். கொஞ்சம் தள்ளியதுமே கறுப்பாகக் கேபிள் தெரிந்தது. இன்னும் ஒரே ஒரு குத்து. அவ்வளவுதான் மிச்சம் இருந்தது.

தோட்டக்காரர் எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்தது. "இது படத்துல இல்லைன்னு அம்மா சொன்னாங்களே?"

"படத்துல இல்லைங்க" என்றான் அவன்.

"எனக்கு ரெண்டு பொட்டப் பிள்ளைங்க சார்" என்றார் அவர்.

பின்னாலேயே ஓடி வந்த தலைமையாசிரியை நகலைப் பிரித்து நீட்டினார். "இது உங்க கையெழுத்துதானே தம்பி? அதை நம்பித்தானே நான் தோண்டச் சொன்னேன்?"

அவள் போன நாளிலிருந்து எதுவும் அவனைத் தொட்டதில்லை. இது தொட்டது. வலித்தது. வலிக்கிறதே என்று அவனுக்கே வியப்பாக இருந்தது.

அந்த நகலை வாங்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனான். மாற்றப் படிவத்தை எடுத்துக் காரணம், செலவு, தாமதம் எல்லாம் எழுதினான். கேபிள் உண்மையில் போகும் பாதையைப் புது வரைபடத்தில் போட்டான். சிவப்புப் பென்சிலால் அதைச் சுற்றி மேகம் போட்டான். அது கோணலாகத்தான் வந்தது.

முதலாளி மூச்சிரைக்க வந்தார். மேஜையைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"சரி, எழுதறதுதான் எழுதறே, வேலைக்கு முந்தின தேதியாப் போட்டுடு. ஆபீஸ்ல ஆளைப் பிடிச்சு நுழைச்சிடலாம்."

"இன்னைக்குத் தேதிதாங்க போடுவேன். அனுமதி வாங்காம மாத்திட்டோம்னும் எழுதியிருக்கேன்."

"கேபிளையே தோண்டி எடுன்னு சொல்லுவாங்கப்பா!"

"எடுப்போம்."

"வெள்ளிக்கிழமை திறப்பு?"

"தள்ளிப் போகும்."

"உன்னை வேலையை விட்டுத் தூக்கிட்டா?"

"போறேன். இந்தத் தாள் போய்ச் சேர்ந்ததுக்கு அப்புறம்."

முதலாளி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "யாருக்கும் ஒண்ணும் ஆகலையே தம்பி. அப்புறம் ஏன் இந்தப் பிடிவாதம்?"

"இன்னைக்கு நான் பக்கத்துல இருந்தேன், கத்தினேன். இன்னும் பல வருஷம் கழிச்சு வேற யாராவது அங்க தோண்டுவாங்க. அப்ப நான் இருக்க மாட்டேன். நீங்க இருக்க மாட்டீங்க. மேஸ்திரியும் இருக்க மாட்டாரு. மனுஷங்க போயிடுவாங்கங்க. நமக்குப் பதிலா அங்க நின்னு 'நிறுத்து'ன்னு கத்தப் போறது இந்தக் காகிதம்தான். அதை எழுதாம விடறது வேலையை மிச்சம் பண்றது இல்லை, முகம் தெரியாத ஒருத்தர் உயிரைப் பணயம் வைக்கிறது."

இத்தனை வார்த்தைகளை அவன் ஒருசேரப் பேசிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. முதலாளி அவனையே பார்த்தார். வெளியே தோட்டக்காரர் குழியைச் சுற்றிக் கம்பு நட்டுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அதையும் பார்த்தார்.

பிறகு சட்டைப் பையைத் தடவிப் பேனாவை எடுத்தார். படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இன்னைக்கு என்ன தேதி?" என்று கேட்டார்.