திங்கள்வரை தொடாத கை

ரீஸ் ஹால்டேன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு வருடமாகப் படகில் அவன் உட்காரும் லட்சணம் இதுதான். குடித்துவிட்டுப் படகை ஓட்டி, சுற்றுலாப் படகு ஒன்றின் மேல் ஏற்றி, ஒரு பெண்ணின் தோளை உடைத்தவன் அவன். நீதிமன்றம் ஒரு வருடம் படகோட்டத் தடை போட்டு, நன்னடத்தைப் பிணையில் விட்டது. உரிம அலுவலகக் கவுண்டரில் அவன் நீட்டிய உரிம அட்டையை அங்கிருந்தவள் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிப் போட்டாள். ஆத்திரமாகத்தான் வந்தது. ஆனால் செய்த வேலை அப்படி.

திங்கட்கிழமை தடை முடிகிறது. மறுதேர்வும் எழுதித் தேறிவிட்டான். அதற்குள் மோட்டாரின் கைப்பிடியைத் தொட்டாலும் போச்சு, யார்மேலாவது கை வைத்தாலும் போச்சு. நன்னடத்தைப் பிணை முறிந்து நேராக ஜெயில்தான்.

இது தங்கை லியானின் கணவன் பிரெண்டுக்கும் நன்றாகத் தெரியும். சிப்பிப் பண்ணை இருவருக்கும் பாதிப் பாதி. ஒரு வருடம் தனியாகப் படகை ஓட்டியதில் முழுசும் தனக்கே என்ற நினைப்பு அவனுக்கு வந்துவிட்டது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், கடைசிச் சிப்பி வரிசையருகே, மோட்டாரைச் சும்மா ஓடவிட்டு பிரெண்ட் எழுந்து நின்றான்.

"என்ன மச்சான், அடைகாக்குறியா?"

"திங்கட்கிழமை பேசிக்கலாம் மாப்ள."

"உன் பங்க எழுதிக் குடுத்துட்டுப் போயிடு. அப்புறம் பேச என்ன இருக்கு?"

"குடுக்க மாட்டேன்."

பளாரென்று அறைந்தான் பிரெண்ட். பிறகு முஷ்டியால் வாயில் குத்தினான். ரீஸின் உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் சொட்டியது.

"அடிடா. ஒரே ஒரு அடி. அந்தக் காயத்தோட நேரா போலீசுக்குப் போறேன்."

ரீஸ் அசையவில்லை. கொன்றுவிட வேண்டும் போலிருந்தது அவனுக்கு. அதனால்தான் கையை இன்னும் அழுத்திக்கொண்டான். அவன் அசையாததே பிரெண்டுக்கு வெறியேற்றியது. சிப்பிக் கொத்துகளைப் பெயர்க்கும் இரும்புக் கம்பியை எடுத்து விலாவில் ஓங்கி அடித்தான். உள்ளே எலும்பு முறிந்தது. ரீஸ் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மாதிரி முனகினான்.

இரண்டாவது அடிக்குக் கம்பியை ஓங்கியபோது பெரிய அலை ஒன்று படகைத் தூக்கிப் போட்டது. பிரெண்ட் சரிந்தான். படகின் விளிம்பில் மண்டை மோதித் தண்ணீரில் விழுந்தான். கடலை நோக்கி வற்றும் நீரோட்டம் அவனை முகத்துவாரத்தில் உடையும் அலைகளை நோக்கி இழுத்துக்கொண்டு போனது. ரீஸ் கயிறு வீசினான். மயக்கத்தில் பிரெண்டின் விரல்கள் அதைப் பற்றவில்லை.

போகட்டும் சனியன் என்று ஒரு கணம் நினைத்தான். தங்கையின் முகம் நினைவுக்கு வந்தது என்று சொன்னால் அது பொய். யார் முகமும் வரவில்லை. கை தானாக மோட்டாருக்குப் போனது.

அலைகளுக்குள் படகை விட்டு, தலைமுடியைப் பிடித்து அவனை உள்ளே இழுத்துப் போட்டான். முறிந்த விலா உயிரை எடுத்தது. வெளியே திரும்பி வந்தபோது எதிரே கடல்துறை ரோந்துப் படகு நின்றது. அதிலிருந்து அதிகாரிகள் இருவர் தாவி ஏறினார்கள்.

"யாரு ஓட்டினது?" என்றாள் மூத்தவள்.

பிரெண்ட் உப்புத்தண்ணீரைக் கக்கி முடித்தான். விரலை நீட்டினான். "இவன்தான். லைசென்ஸ் இல்லாதவன். என்னை அடிச்சுத் தண்ணியில தள்ளினதும் இவன்தான்."

ரீஸ் மோட்டாரை அணைத்தான்.

"ஓட்டினது நான்தான் மேடம். அடிச்சேன்னு சொல்றது பொய்."

விலாவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தான்.

"இப்ப அதையும் உண்மையாக்கிடறேன்."

முதல் குத்திலேயே பிரெண்டின் மூக்கு உடைந்தது. அதிகாரிகள் இருவரும் சேர்ந்து ரீஸின் கையை முதுகுக்குப் பின்னால் வளைப்பதற்குள் இன்னும் நாலு விழுந்துவிட்டன.