கிட்டார் கம்பியில் கரண்ட்

மூன்றாவது முறை ஷாக் அடித்தபோது சுபாஷிணியின் இடது கை எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகளை விட மறுத்தது. ஒரு நொடிதான் இருக்கும். தோள்வரை இழுத்து, நாக்கில் இரும்பின் கசப்பு ஏறி, எப்படியோ விரல்கள் பிரிந்துவிட்டன. கணவன் சேஷுவிடம் அவள் சொல்லவில்லை. சொன்னால் அன்று மாலையே கிட்டார் வீட்டை விட்டுப் போய்விடும். புசா ரோட்டுக்குப் பின்னால் இருந்த அந்த வாடகை வீட்டில், எல்லோரும் கிளம்பும் அவசரத்துக்கு நடுவே, காலையில் அரை மணி நேரம் அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

ஒரு வாரம் அதைத் தொடவில்லை. உறைக்குள் மூடியிருந்தாலும் அந்தப் பக்கம் போகும்போது உடம்பு தானாக ஒதுங்கியது. சேஷு வெளியூர் போயிருந்த சனிக்கிழமை, உள்ளே இருக்கும் பாகங்கள் அத்தனையையும் மாற்றிவிடுவது என்று தீர்மானித்து, தூங்கிக்கொண்டிருந்த மகள் அபூர்வாவை எழுப்பாமல் லஜ்பத் ராய் மார்க்கெட்டுக்குப் போனாள்.

கடைக்காரர் பச்சைமுத்து தர்மபுரிக்காரர். வால்யூம் கண்ட்ரோல்களையும் மிட்டாய் போன்ற கெபாசிட்டர்களையும் கண்ணாடிமேல் பரப்பினார்.

"இது போட்டா சத்தம் பளிச்சுனு வரும் மேடம். இது கொஞ்சம் மெத்துனு இருக்கும். உங்களுக்கு எப்படி வேணும்?"

"சத்தம் எப்படி வேணா இருக்கட்டும். எதைப் போட்டா ஷாக் அடிக்காது?"

அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

"கிட்டாருக்குள்ள ஏதுங்க கரண்ட்? நீங்க அத்தனை பார்ட்டும் மாத்துனாலும் அடிக்கும். ஆம்ப்ளிஃபயர் சரியா இருக்கா?"

"போன மாசம்தான் கடையில குடுத்து செக் பண்ணினேன். ஒண்ணுமில்லேன்னு சொன்னா."

"அப்ப வீட்டு எர்த் அறுந்திருக்கும். வேற ஏதோ சாமான்ல லீக்காகுற கரண்ட் போக வழியில்லாம, எர்த் ஒயர்லயே சுத்தி, ஆம்ப்ளிஃபயர் வழியா உங்க கம்பிக்கு வருது. அடிச்ச நேரத்துல வீட்ல வேற என்ன ஓடுச்சு?"

மூன்று காலைகளையும் அவள் நினைத்துப் பார்த்தாள். ஜனவரிக் குளிர். சுவருக்கு அந்தப் பக்கம் அபூர்வாவுக்காகச் சூடாகிக்கொண்டிருந்த தண்ணீர்.

"கீசர்."

பச்சைமுத்துவின் முகம் மாறியது. "கீசரைப் போட்டுட்டுக் குழாயைத் தொட வேணாம்னு சொல்லுங்க. ஜல்தி சொல்லுங்கம்மா."

அபூர்வாவின் போனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான்கு முறையும் யாரும் எடுக்கவில்லை. போனை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு தூங்குகிற பெண். குளிக்கப் போகும்போது மட்டும்தான் அதை வெளியே வைப்பாள்.

பாகங்களை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். ஆட்டோவில் ஏறியும் விடாமல் அடித்தாள். ஒவ்வொரு சிக்னலிலும் டிரைவரிடம், "பைய்யா, ஜல்தி," என்றாள். நான் அல்லவா மறைத்தேன், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாராவது எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருப்பார்களே என்று மனம் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. மூன்று மாடிகளையும் எப்படி ஏறினாள் என்று தெரியவில்லை. இரண்டு கைகளாலும் கதவைத் தட்டினாள்.

உள்ளே காலடிச் சத்தம் கேட்டது. அபூர்வா டவலைச் சுற்றிக்கொண்டு நின்றாள். வலது கையை இடது கையால் பிடித்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"மம்மி, நல்கா கரண்ட் மார்றது. இன்னிக்கு ரொம்ப ஜோரா. கை வரவே இல்லை," என்று குளியலறைக் குழாயைக் கண்ணால் காட்டினாள்.

"இன்னிக்கு மட்டுமா?"

அவள் தலையசைத்து மறுத்தாள். "அஞ்சாறு தடவை."

"ஏன்டி சொல்லலை?"

"உனக்கும் அடிச்சதே, நான் பார்த்தேன். அப்பாட்ட சொன்னா உன் கிட்டாரைத் தூக்கிப் போட்டுடுவார்னு..."

சுபாஷிணி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். பிறகு செருப்பைக் கழற்றி, அதன் நுனியால் மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினாள். கீசரின் சிவப்பு விளக்கு அணைந்தது.

குழாய் திறந்தே கிடந்தது. வாளி நிரம்பி, ஆவி பறக்க, வெந்நீர் குளியலறை வாசற்படியை நோக்கி வந்துகொண்டிருந்தது. கரண்ட் இல்லை என்று இருவருக்கும் தெரியும். குழாயை மூட யாருக்கும் கை நீளவில்லை. தண்ணீர் படியைத் தாண்டியபோது இருவரும் ஒரே சமயத்தில் ஓர் அடி பின்னால் வைத்தார்கள்.