ஒன்பதாவது கட்டம்

மார்ச் 11, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். பதினேழாம் எண் வீட்டை எழுபத்தொன்று என்று எழுதிவிட்டேன். குறுக்கே கோடு போட்டுத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்திட்டேன். மற்றபடி படிவங்கள் முழுமை. ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடவில்லை.

மாலை நேர எழுத்து வகுப்பின் ஆசிரியை தினம் ஐந்து வரி நாட்குறிப்பு எழுதினால் போதும் என்றுதான் சொல்லியிருந்தார். இதை எழுதியவளுக்கோ பத்து வரிக்குக் குறைந்தால் தூக்கம் வராது. பகலில் அரசாங்க உதவித்தொகை அலுவலகத்தில் தற்காலிக வேலை. தொகை வாங்குகிறவர்களின் வீடுகளுக்குப் போய், ஆள் இருக்கிறாரா, நிலைமை மாறியிருக்கிறதா என்று பார்த்துப் படிவத்தில் குறித்து வர வேண்டும். எப்போதும் நோட்டும் கையுமாகத் திரிந்ததால் அலுவலகத்தில் அவளுக்கு 'டைரி' என்றே பெயர் விழுந்துவிட்டது. வீட்டைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். மூன்று முறை இழுத்தோமா என்ற சந்தேகத்தில் நாலாவது முறையும் இழுப்பாள்.

பதினேழாம் எண் வீட்டில் இருந்தவர் பெயிண்டர். மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் போனவர். ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தபடி எதிர்ச் சுவரைக் காட்டினார்.

"ஊர்ல இருக்கிற சுவருக்கெல்லாம் அடிச்சேன் தங்கச்சி. நாளெல்லாம் பார்த்துட்டுக் கிடக்கப் போறது இந்தச் சுவர்னு தெரிஞ்சிருந்தா, இதுக்கு முதல்ல ரெண்டு கோட்டு அடிச்சிருப்பேன்."

அவர் மனைவி அரை நாள் லாண்டரியில் துணி தேய்க்கப் போகிறவள். டைரி ஒவ்வொரு கட்டமாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். ஒன்பதாவது கட்டம்: 'வேறு ஆதரவு உண்டா?'

"தெருமுனைக் கட்டில் கடை முதலாளி தினம் மத்தியானம் கேரியர் அனுப்புறாரு," என்றாள் மனைவி. "இவர் விழுந்த மறுநாள்லேருந்து ஒரு நாள் தவறல. உங்க ஆபீஸ் பணம் வந்து சேர ஏழு மாசம் ஆச்சு. அதுவரைக்கும் அந்தக் கேரியர்தான் எங்க உசிரைப் பிடிச்சு வச்சுது."

"அதையும் எழுதிக்கங்க," என்றார் பெயிண்டர். "நல்லது செஞ்சவங்களைப் பத்தி எங்கயாவது ஒரு வரி இருக்கணும்ல?"

டைரி எழுதினாள். 'ஆம். தனியார் ஒருவர் தினமும் மதிய உணவு வழங்குகிறார்.' கட்டத்துக்குள் அடங்கிய, ஒரு எழுத்துகூடச் சாயாத வரி. வெளியே வந்தபோது அவளுக்குத் தன்மேல் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. அது அவளுக்கு அடிக்கடி கிடைக்கிற பொருள் அல்ல.

ஜூலையில் ஒரு வியாழக்கிழமை அதே தெருவில் வேறொரு வீட்டுக்கு வேலை வந்தது. பெயிண்டரை எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கதவைத் தட்டினாள்.

"தள்ளிட்டு வாங்க, சும்மாதான் சாத்தியிருக்கு."

உள்ளே ஒரு வாடை. பெயிண்டர் தனியாகக் கிடந்தார். முக்காலியில் திறக்காத கேரியர். தண்ணீர்ச் செம்பு காலி.

"அக்கா எங்கே?"

"இப்ப லாண்டரியில முழு நாள். முந்தி பக்கத்து வீட்டம்மா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வந்து என்னைத் திருப்பிப் படுக்க வைப்பாங்க. உங்க ஆபீஸ் பணத்துலதான் அவங்களுக்குச் சம்பளம். பணம் நின்னுது, அவங்களும் வேற வேலைக்குப் போயிட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியுமா? அவங்களுக்கும் வயிறு இருக்கே."

"எதுக்கு நின்னுது?"

தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். 'தனியார் ஆதரவு இருப்பதாகக் கள அறிக்கையில் தெரியவருவதால், உதவித்தொகை நிறுத்தப்படுகிறது.' கள அறிக்கை என்றால் அவள் எழுதியது. அவள் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். அந்த அறிக்கை அவள் எழுதியதுதான் என்று பெயிண்டருக்குத் தெரியவில்லை. அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் திருப்பி விடுறீங்களா தங்கச்சி? தோளை ஒரு கையில பிடிங்க, இடுப்பை ஒரு கையில. பயப்படாதீங்க, எனக்கு வலிக்காது. வலிச்சாத் தேவலையே."

திருப்பினாள். முதுகுக்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் புண். நடுவில் கறுத்துக் குழிந்திருந்தது.

"சாப்பாட்டுக்குக் குறையில்ல," என்றார் பெயிண்டர், சுவரைப் பார்த்தபடி. "ஆனா கேரியர் வந்து ஆளைத் திருப்பிப் போடாதுல்ல?"

மறுநாள் மேற்பார்வையாளர் முன்னால் நின்றாள். அவர் படிவத்தைப் புரட்டிவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"ஏம்மா டைரி, அந்தக் கட்டத்துல எல்லாரும் ஒரு கோடு போட்டுட்டு வந்துடுவாங்க. உன்னை யாரு வரலாறு எழுதச் சொன்னது? எங்கடா ஆளைக் குறைக்கலாம்னு மேலே ஒருத்தர் உட்கார்ந்திருக்காரு. நீ போய் அவர் கையில கத்தரிக்கோலைக் குடுத்துட்டு வந்திருக்கே."

"உள்ளதைத்தானே சார் எழுதினேன்?"

"பாதி உள்ளதை எழுதினே. அந்த மனுஷனை யாரு திருப்பிப் போடுறாங்க, எந்தப் பணத்துலன்னு எழுதினியா?"

அதற்குக் கட்டம் இல்லை என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். கேட்டிருந்தால் ஓரத்தில் எழுதியிருக்கலாம். அவள் கேட்கவில்லை. கட்டம் நிறைந்ததும் நிமிர்ந்துவிட்டாள்.

"மேல்முறையீடு போடலாம். உன் அறிக்கை தப்புன்னு நீயே எழுதிக் குடுக்கணும். அப்பவும் மூணு நாலு மாசம் ஆகும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "அடுத்த மாசம் உன் வேலையைப் புதுப்பிக்கணும். அந்த ஃபைல்ல இந்தக் கடிதமும் இருக்கும். யோசிச்சுக்க."

இரண்டு நாள் யோசித்தாள். வகுப்புக்குப் போகவில்லை. புண் யோசித்துக்கொண்டிருக்காது என்பது மட்டும்தான் அந்த யோசனையில் தெளிவாகத் தெரிந்தது.

ஞாயிறு காலை அவள் போனபோது கட்டில் கடை முதலாளியும் அங்கே இருந்தார். புண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்திருந்தார். கனத்த உடம்பு, மெல்லிய குரல். டைரி உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். நிறுத்தியது எந்த வரி, அதை எழுதியது யார் என்பது வரை.



"உண்மையைத்தான் எழுதியிருக்கீங்க," என்றாள் மனைவி. "ஆனா இது எதுக்குக் கேக்கறாங்கன்னு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, தங்கச்சி."

முதலாளிக்கு முகம் வெளிறிவிட்டது. "என் சாப்பாடா இவன் பணத்தை நிறுத்துச்சு?" என்றார். பிறகு கையை உதறினார். "விடும்மா. அந்த ஆபீஸ் சகவாசமே வேணாம். அந்தப் பணத்தை நானே மாசாமாசம் தந்துட்டுப் போறேன்."

மனைவி அவரை நேராகப் பார்த்தாள்.

"உங்க மனசு பெரிசுய்யா. ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? போன வருஷம் உங்களுக்கு நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரியில சேர்த்தாங்களே, அன்னைக்கு நான் அழுதேன். உங்களுக்காக அழுதேனா, கேரியருக்காக அழுதேனான்னு எனக்கே தெரியல. ஒரு மனுஷனை நினைச்சு அப்படி அழக் கூடாதுய்யா."

முதலாளி தலை குனிந்தார்.

"நீங்க குடுக்கிறது அன்பு. ரெண்டு கையாலயும் வாங்கிக்கிறோம். அரசாங்கம் குடுக்கிறது எங்க உரிமை. நீங்க கோவிச்சாலும், கடை நொடிச்சாலும், நாங்க உங்களுக்குப் பிடிக்காதவங்களா ஆயிட்டாலும் அது வந்தாகணும். அன்பு இருக்குன்னு உரிமையைக் கழிச்சா, அப்புறம் நல்லது செய்யறவங்களைக் கண்டாலே ஏழைக்குப் பயம் வந்துடும். ரெண்டும் வேணும்யா. ஒண்ணுக்குப் பதிலா ஒண்ணு வரக் கூடாது."

"சரிம்மா," என்றார் முதலாளி. "ஆனா அந்தப் பணம் வர நாலு மாசம் ஆகுமாமே. அதுவரைக்கும் இவனைத் திருப்பிப் போட நான் ஓர் ஆளை வைக்கிறேன். அதுக்காவது விடுவியா?"

"அதுக்கு விடறேன்." மனைவி டைரியின் பக்கம் திரும்பினாள். "இதை மட்டும் எங்கயும் எழுதிடாதீங்க, தங்கச்சி."

பெயிண்டர் மட்டும் சிரித்தார். டைரிக்குக் கண் நிறைந்துவிட்டது. காலையில் கட்டுப் போட வந்த நர்ஸ், புண் எலும்பு வரை போயிருக்கலாம், ஆறும் என்று உறுதி சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பணம் திரும்பி வரலாம். போன சதை திரும்பி வருமா? ஒரு வரி எழுதுகிறவர், அந்த வரி யார் முதுகில் போய் விழும் என்று கேட்டுவிட்டு எழுத வேண்டும். அதை அவள் இவ்வளவு தாமதமாகவா கற்க வேண்டும்?

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தாள். அன்று ஐந்து வரிதான் வந்தது.

ஜூலை 20, ஞாயிறு. நாளை காலை எட்டு மணிக்கு வண்டி பிடித்துப் பெயிண்டரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பத்து மணிக்கு அலுவலகம். ஒன்பதாவது கட்டத்தை அரைகுறையாக நிரப்பியது நான் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்து, நகல் வாங்க வேண்டும். மேல்முறையீட்டு மனுவில் அக்காவின் கையெழுத்து வாங்க வேண்டும்.